சுவர்கள் கரைந்துபோன பள்ளத்தாக்கு

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் தாம்பரம், குரோம்பேட்டைப் பெற்றோர்கள் ஆறு மாதம் அங்கே தங்கிவிட்டு ஊர் திரும்பினால், கைப்பேசியில் நயாகரா இருக்கும், சுதந்திர தேவி இருப்பாள், கிராண்ட் கேன்யன் இருக்கும். முதல் இரண்டைப் பற்றியும் கதை நீளும். மூன்றாவது படம் வந்ததும், "இது படத்துல தெரியாதுங்க, நேர்ல பார்க்கணும்" என்று முடித்துக்கொள்வார்கள். அவர்கள் சொல்வதில் பிழையில்லை. அரிசோனா மாநிலத்தின் வறண்ட பீடபூமியில் கொலராடோ ஆறு அறுத்துவைத்திருக்கும் அந்தப் பள்ளம் 446 கி.மீ. நீளம், சில இடங்களில் 29 கி.மீ. அகலம், ஆழம் 1.6 கி.மீ.க்கு மேல். 1919ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்த இடத்தின் விளிம்பில் பார்வையாளர்கள் கால் பதிக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கு வயது ஏறத்தாழ 27 கோடி ஆண்டு. கீழே ஆற்றங்கரையில் கறுத்துக் கிடக்கும் பாறைக்கு 170 கோடிக்கும் மேல்.

ஊருக்கு வந்ததும் அதே பெற்றோர் தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் ஏறுகிறார்கள். பல்லாவரம் தாண்டித் திரிசூலத்தில் வண்டி நிற்கும்போது ஒரு பக்கம் விமான நிலையம், மறுபக்கம் புதர் மூடிய குன்றுகள். விமானம் இறங்குவதை எல்லோரும் பார்ப்பார்கள். குன்றை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. அந்தக் குன்றின் பாறை, பூமிக்கு அடியில் 20 கி.மீ.க்கும் கூடுதலான ஆழத்தில் இப்போதைய உருவத்தைப் பெற்றது. கிராண்ட் கேன்யனின் ஆழத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல். வயது ஏறத்தாழ 255 கோடி ஆண்டு.

ஆக, திரிசூலத்துக் குன்றின் உச்சி என்பது உண்மையில் மிகப் பெரிய பள்ளம் ஒன்றின் தரை. சுற்றிலும் நிற்கவேண்டிய சுவர்கள்தான் இல்லை.

இந்தப் பாறை அறிவியல் நூல்களில் ஏறியது ஒரு கல்லறை வழியாக. கல்கத்தாவின் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவர் ஜாப் சார்னாக்கின் சமாதி இருக்கிறது. கல்கத்தாவை நிறுவியவர் அவர்தான் என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2003ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்தப் பெருமையை அவரிடமிருந்து எடுத்துவிட்டது. வங்காளம் வண்டல் பூமி. அங்கே எவ்வளவு தோண்டினாலும் சமாதிக்கு ஆகும் கல் கிடைக்காது. எனவே பலகை சென்னைப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனது. 1893ல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த தாமஸ் ஹாலண்ட் என்ற இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத இளைஞர் அந்தப் பலகையை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் கல்லும் இதுவும் ஒன்றே. தனிப் பெயர் இல்லாத வகையாக இருந்ததால், அடியில் உறங்குபவரின் பெயரையே மேலே கிடந்த கல்லுக்கு வைத்துவிட்டார்: சார்னோக்கைட். 1900ல் இந்தப் பாறைக் குடும்பம் முழுவதையும் பற்றி விரிவான ஆய்வேடு ஒன்றும் வெளியிட்டார். இன்று நார்வேயிலோ, இலங்கையிலோ, அண்டார்க்டிகாவிலோ இந்த வகைப் பாறையைக் காண்பவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டிய மூல மாதிரி பரங்கிமலை – பல்லாவரம் வட்டாரத்துக் கல்தான். பரங்கிமலைப் பாறையை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாகவும் அத்துறை அறிவித்திருக்கிறது.

சார்னாக்குக்கும் இந்த ஊர் தெரியாததில்லை. வங்காளத்தை விட்டு வெளியேற நேர்ந்தபோது அவர் சென்னையில்தான் தங்கினார். 1689ல் அவருடைய மகள்களுக்குக் கோட்டையிலுள்ள புனித மரியன்னை தேவாலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது. கப்பலில் வருகிறவர்களுக்குப் பரங்கிமலை ஓர் அடையாளம். தன் பெயரைத் தாங்கப்போகும் குன்றைத் தூரத்திலிருந்தாவது அவர் பார்த்திருக்க வேண்டும்.

கல்லைப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வெயிலும் மழையும் பட்ட வெளிப்புறம் பழுப்பு. அதிலுள்ள இரும்பு துருவேறியதால் வந்த நிறம். ஒரு சில்லைப் பெயர்த்தால் உள்ளே கரும்பச்சையும் நீலமும் கலந்த எண்ணெய்ப்பசை மினுக்கம். கட்டட மேஸ்திரிக்கு இது கருங்கல். லாரிக்காரருக்கு ப்ளூ மெட்டல். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன் என்ற மூன்றும் இதன் முக்கியக் கனிமங்கள். சில இடங்களில் சிவந்த கார்னெட் மணிகளும் உண்டு. ஆய்வாளரைக் கவர்வது ஹைப்பர்ஸ்தீன். கல்லை ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு கனத்துக்குத் தேய்த்து, முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் வைத்துத் திருப்பினால், அதே கனிமம் இளஞ்சிவப்பிலிருந்து இளம்பச்சைக்கு மாறும். கல்லூரியில் நிலவியல் படித்த யாரும் அந்த நிறமாற்றத்தை மறப்பதில்லை.

ஆழத்தை எப்படி அளந்தார்கள்? இவ்வளவு ஆழத்துக்கு எந்தத் துளைபொறியும் போனதில்லை. உலகின் மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் தோண்டியது, 12 கி.மீ.க்குச் சற்று மேலே போய் நின்றுவிட்டது. ஆனால் கனிமங்கள் தாமே அளவுகோலாக இருக்கின்றன. கார்னெட்டும் ஹைப்பர்ஸ்தீனும் பக்கத்துப் பக்கத்தில் வளரும்போது இரும்பையும் மக்னீசியத்தையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்தப் பங்கீடு வெப்பத்தைப் பொறுத்தது. கார்னெட்டுக்கும் ஃபெல்ட்ஸ்பாருக்கும் இடையே கால்சியமும் அலுமினியமும் அமையும் விதமோ அழுத்தத்தைப் பொறுத்தது. ஆய்வகத்தில் இதே கனிமங்களைச் சூளையிலும் அழுத்தப்பொறியிலும் வைத்து, எந்த வெப்பத்தில் எந்த அழுத்தத்தில் எப்படிப் பிரிந்துகொள்கின்றன என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். பல்லாவரத்துக் கல்லை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால் வருவது 750 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பம். மேலே 20 – 25 கி.மீ. பாறை அழுத்தினால் மட்டுமே உண்டாகும் அழுத்தம்.

இன்னொரு சாட்சி, நீர் இல்லாமை. சாதாரண கிரானைட்டில் கறுப்பாக மின்னும் மைக்கா இருக்கும். அந்தப் படிகத்தின் கட்டமைப்புக்குள்ளேயே நீரின் கூறுகள் கட்டுண்டு கிடக்கும். ஆழத்தில் வெப்பம் ஏற ஏற மைக்கா சிதைகிறது, நீர் வெளியேறுகிறது, எஞ்சிய பொருளிலிருந்து ஹைப்பர்ஸ்தீன் பிறக்கிறது. சார்னோக்கைட் என்பது அப்படி நீரை இழந்த கல். சென்னையின் தென் புறநகர் ஏரிகளும் சதுப்பும் நிறைந்த ஈரப் பூமி. அதன் அடித்தளக் கல்லோ உலகத்தின் மிக வறண்ட பாறைகளில் ஒன்று.

அந்த நீர் எங்கே போயிற்று என்பதில்தான் அறிவியலாளர்கள் பிரிகிறார்கள். கர்நாடகத்தில் கனகபுரா பக்கம் கப்பால்துர்கா என்ற இடத்தில் ஒரு கல்குவாரி. அங்கே சாம்பல் நிற நைஸ் பாறைக்குள் பச்சைத் திட்டுகளாகச் சார்னோக்கைட் பரவியிருப்பதை மைசூர் வட்டாரத்து நிலவியல் அறிஞர் சி. எஸ். பிச்சமுத்து கண்டார். ஒரு பாறை இன்னொன்றாக மாறிக்கொண்டிருந்தபோது பாதியில் நின்றுபோன நிலை அது. 1960ல் 'நேச்சர்' இதழில் அவர் எழுதிய சிறு குறிப்பு உலகெங்கும் பேசப்பட்டது. பின்னால் வந்தவர்கள் இத்தகைய கற்களின் குவார்ட்ஸ் மணிகளுக்குள் நுண்ணிய குமிழ்களையும் அவற்றில் அடர்ந்த கார்பன் டை ஆக்சைடையும் கண்டார்கள். பூமியின் இன்னும் ஆழமான பகுதியிலிருந்து எழுந்த அந்த வாயு நீரை விரட்டியடித்தது என்பது ஒரு தரப்பு. இல்லை, பாறை பகுதியாக உருகியபோது நீரெல்லாம் அந்த உருகலோடு போய்விட்டது என்பது மறுதரப்பு. இதற்கும் முந்தைய சண்டை ஒன்று உண்டு. இந்தப் பாறை குழம்பிலிருந்து நேரடியாக உறைந்ததென்றார் ஹாலண்ட். பழைய பாறை வெந்து உருமாறியதென்றார்கள் வேறு சிலர். 1959ல் ஏ. பி. சுப்ரமணியம் பல்லாவரம் குன்றுகளை மீண்டும் நுணுக்கமாக ஆராய்ந்து, ஹாலண்ட் ஒரே குடும்பமென்று சேர்த்துவைத்தவற்றில் சில வேறு குலத்தைச் சேர்ந்தவை என்று பிரித்துக் காட்டினார். பெயர் பெற்று நூற்றிருபது ஆண்டுகளைத் தாண்டியும் வழக்கு முடியவில்லை. கப்பால்துர்காவில் ஒரு தரப்பும் பல்லாவரத்தில் மறுதரப்பும் சரியாக இருக்கவும் கூடும். பூமி எல்லா இடத்திலும் ஒரே முறையைப் பின்பற்றவேண்டும் என்று கட்டாயமில்லை.

சரி, அந்த 20 கி.மீ. பாறை எங்கே? மழையும் ஆறும் காற்றும் துகள் துகளாகக் கொண்டுபோய்க் கடலில் சேர்த்துவிட்டன. மேலே இருப்பதைச் சுரண்டினால் கீழே இருப்பது தெரியும் என்பது மட்டும் இங்கே போதாது. பூமியின் ஓடு அடியிலுள்ள கனத்த, வெப்பத்தில் இளகிய பாறைப் பகுதியின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. சரக்கை இறக்க இறக்கத் தோணி நீரில் மேலெழுவதுபோல, மேற்பரப்பு தேயத் தேய ஓடு மெல்ல உயர்கிறது. உயர்ந்ததால் மேலும் தேய்கிறது. தேய்ந்ததால் மேலும் உயர்கிறது. தென்னிந்தியாவில் இன்றும் பூமியின் ஓடு ஏறத்தாழ 35 – 40 கி.மீ. கனம் இருக்கிறது. அதோடு இழந்த 20 – 25 கி.மீ.யையும் கூட்டினால் ஒரு காலத்தில் அது 60 கி.மீ. அளவுக்குத் தடித்திருக்க வேண்டும். இன்று அப்படித் தடித்த ஓடு இமயத்துக்கு வடக்கே திபெத்தின் அடியில் இருக்கிறது. குரோம்பேட்டையின் மேலே ஒரு திபெத் நின்றிருந்தது என்பது மிகையான கற்பனை ஆகாது.

இந்தத் தேய்மானம் எப்போது முடிந்தது என்பதற்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தடயம் இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த களிமண், மணற்கல் அடுக்குகள் அங்கே பழைய படிகப் பாறையின்மேல் நேரடியாக உட்கார்ந்திருக்கின்றன. சைக்கஸ் போன்ற தாவரங்களின் இலைத் தடங்கள் அவற்றில் கிடைக்கும். டைனோசர்கள் உலவிய காலத்திலேயே இந்தப் பாறை வெயில் காய ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

அப்படியானால் அடையாறு ஏன் ஒரு கேன்யனை வெட்டவில்லை? தாம்பரத்துக்கு மேற்கே மணிமங்கலம் பக்கத்து ஏரிகளில் தொடங்கி, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்து உபரிநீரையும் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகும் ஆறு அது. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் தரை கடல்மட்டத்திலிருந்து வெறும் 16 மீட்டர் உயரம். எந்த ஆறும் தான் கலக்கும் கடலின் மட்டத்துக்குக் கீழே அறுக்க முடியாது. ஆக, அடையாறு எவ்வளவு முயன்றாலும் பதினாறு மீட்டருக்குள்தான் அதன் வேலை. கொலராடோவின் கதையே வேறு. கேன்யனின் தெற்கு விளிம்பு 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தப் பீடபூமி முழுவதும் மேலே தூக்கப்பட்டபோது ஆறு தன் பாதையை விடாமல் அறுத்துக்கொண்டே போனது. இப்போதைய பள்ளத்தின் பெரும்பகுதியை வெட்டக் கடந்த 50, 60 லட்சம் ஆண்டுகளே அதற்குப் போதுமாயிருந்தன. பாறையின் வயதோடு ஒப்பிட்டால் நேற்று நடந்த வேலை.

வறட்சியும் ஒரு காரணம். கேன்யனின் அடியில் ஆண்டுக்கு 250 மி.மீ. மழைகூடப் பெய்வதில்லை. ஆறு கீழ்நோக்கி அறுக்கிறது; பக்கச் சுவர்களைக் கரைக்கப் போதிய மழை இல்லாததால் அவை செங்குத்தாக நிற்கின்றன. சென்னையில் சராசரி 1400 மி.மீ. பெய்கிறது. நீர் விரிசல்களில் இறங்கிக் கல்லின் முனைகளை முதலில் தின்கிறது. மூன்று பக்கத்திலிருந்தும் தாக்கப்படுவதால் மூலைகள்தான் வேகமாகச் சிதையும். பல்லாவரம், வண்டலூர்க் குன்றுகளில் உருண்டை உருண்டையாகப் பாறைகள் கிடப்பது இதனால்தான். யாரும் உருட்டிவிட்டதில்லை, இருந்த இடத்திலேயே உருண்டையானவை.

நிஜமான பள்ளத்தாக்கைப் பார்க்க விரும்பும் தாம்பரத்து இளைஞர்கள் சனிக்கிழமை இரவு பைக்கிலோ காரிலோ கிளம்பிக் கண்டிக்கோட்டைக்குப் போகிறார்கள். ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்தில் எர்ரமலைக் குன்றுகளை வடபெண்ணை ஆறு அறுத்த இடம் அது. ஏறத்தாழ 300 அடி உயரச் செந்நிற குவார்ட்சைட் சுவர்கள், விளிம்பில் ஒரு பழைய கோட்டை. 'இந்தியாவின் கிராண்ட் கேன்யன்' என்று விளம்பரம் செய்கிறார்கள். அளவில் அது பேத்தி முறைகூட இல்லை. ஆனால் ஒன்றில் சளைத்ததில்லை: அந்த அடுக்குகள் நூறு கோடி ஆண்டுகளுக்கு வெகு முன்பே ஆழமற்ற கடலில் படிந்த மணல்; கிராண்ட் கேன்யனின் மேல்பாதியைவிட வயதில் மூத்தவை.

அதே கடப்பாப் பாறைக் குடும்பத்தின் தெற்கு நுனிதான் திருப்பதி மலையும் நகரி மலையும். திருப்பதி ரயிலில் போகும்போது ஜன்னலில் தெரியும் நகரி மூக்கு அந்த அடுக்குப் பாறைதான். திருமலைக்கு ஏறும் மலைப்பாதையின் ஓரம், கீழே கிரானைட்டும் மேலே குவார்ட்சைட்டும் ஒரு கோட்டில் சந்திக்கின்றன. அந்த ஒற்றைக் கோட்டில் 50 கோடி ஆண்டுக்குக் குறையாத காலம் காணாமல் போயிருக்கிறது. அவ்வளவு காலம் பாறை தேய்ந்துகொண்டிருந்ததே தவிர எதுவும் படியவில்லை. கிராண்ட் கேன்யனில் இதுபோன்ற ஒரு கோட்டை அருகில் நின்று பார்க்க அரை நாள் இறங்க வேண்டும். இங்கே வருடந்தோறும் கோடிக்கணக்கானோர் அதைப் பேருந்தில் கடக்கிறார்கள். கண்ணெல்லாம் கோபுரத்தின்மேல்.

பாலைவனத் தோற்றம்தான் வேண்டுமென்றால் எதிர்த்திசையில் போகலாம். ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துத் திருச்சி நோக்கிப் போனால் பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊர். மழைநீர் அரித்த களிமண் மேடுகள், ஓடைப் பள்ளங்கள், இடையிடையே பளிங்காக மின்னும் ஜிப்சம். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடி. அம்மோனைட் சுருள்களும் கணவாய் மீனின் தொல்லுறவான பெலம்னைட்டின் குச்சிகளும் அங்கே காலடியில் கிடைக்கும். அதுவும் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். எடுத்துவரக்கூடாது.

நகரிப் பக்கத்துக் குவார்ட்சைட்டுக்குப் பல்லாவரத்தோடு இன்னோர் உறவு இருக்கிறது. 1863 மே 30 அன்று, ஹாலண்டுக்கு முப்பது ஆண்டு முன்பு, அதே நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் படை அணிவகுப்பு மைதானத்தருகே சரளைக் குழி ஒன்றில் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று. அவ்வாண்டு இறுதிக்குள்ளேயே வில்லியம் கிங்குடன் சேர்ந்து அத்திரம்பாக்கம் என்ற கற்கால இடத்தையும் கண்டுபிடித்தார். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011ல் அங்குள்ள கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது கணித்தார்கள். இந்தக் கருவிகள் குவார்ட்சைட்டால் ஆனவை. பல்லாவரத்தைச் சுற்றிலும் மலை மலையாகச் சார்னோக்கைட் இருந்தும் கற்கால மனிதன் அதைத் தொடவில்லை. மணி மணியாகப் படிகம் கோத்த கல் தட்டினால் நொறுங்கும். கூரான விளிம்பு வராது. வடக்கேயிருந்து பழைய ஆறுகள் உருட்டிவந்த குவார்ட்சைட் கூழாங்கற்களைத்தான் அவன் பொறுக்கினான். கல்லைத் தேர்ந்தெடுப்பதில் அவனுக்கிருந்த அறிவு இன்றைய ஒப்பந்தக்காரர் பலருக்குப் பொறாமை தரும்.

பல்லவர்கள் அந்தக் கல்லுக்கு அஞ்சவில்லை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் காலத்தில் பல்லாவரம் குன்றில் குடைந்த குகை இப்போது தர்காவாக இருக்கிறது. படியேறிப் போகிறவர்கள் வழியெங்கும் மிதிப்பது சார்னோக்கைட். பரங்கிமலையின் படிகளோ பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் கட்டியவை. உச்சி 300 அடிதான். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் இந்த மலையடியிலிருந்து பெரும்பாக்கம் வரை 12 கி.மீ. தூரத்தைச் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார். முடிக்க 57 நாள் ஆயிற்று. இமயம் வரை நீண்ட மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே அடிக்கோடு. இன்று அந்தக் கோட்டில் வேளச்சேரிச் சாலையின் போக்குவரத்து நெரிசலைப் பார்த்தால், 57 நாள் அப்படியொன்றும் தாமதமாகத் தோன்றாது.

குன்று ஏறுவதற்கும் கேன்யனில் இறங்குவதற்கும் உடலளவில் பெரிய வேறுபாடு உண்டு. குன்றில் களைத்தால் திரும்பி இறங்கிவிடலாம். கேன்யனிலோ முதலில் இறக்கம். தெம்பாக இருக்கும்போது எளிதாக இறங்கிவிட்டு, களைத்தபின் வெயிலில் ஏறவேண்டும். போதாததற்கு, கீழே இறங்க இறங்கக் காற்று அழுந்திச் சூடேறுகிறது. வறண்ட காற்றில் ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 10 டிகிரி. விளிம்பில் இதமாக இருக்கும் கோடை நாளில் ஆற்றங்கரையில் 40 டிகிரியைத் தாண்டும். ஒரே நாளில் ஆறுவரை இறங்கி ஏற முயலவேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் எச்சரிப்பது இதனால். வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடுவதால் எவ்வளவு நீர் இழந்தோம் என்பதே தெரியாது. பயந்துபோய் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்து மயக்கம் வரும். பல்லாவரத்தில் சிக்கல் தலைகீழ். இங்கே காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடல் குளிராது. 2003 மே 31 அன்று சென்னை 45 டிகிரியைத் தொட்டது. மோரில் உப்புப் போட்டுக் குடிக்கும் பழக்கத்துக்கு இரண்டு ஊரிலும் வேலை இருக்கிறது.

தென் புறநகரில் செங்குத்துப் பாறைச் சுவரைப் பார்க்கவேண்டுமானால் கைவிட்ட கல்குவாரிக்குத்தான் போகவேண்டும். திரிசூலம், கீழ்க்கட்டளை, நன்மங்கலம், குன்றத்தூருக்கு அப்பால் சிக்கராயபுரம் என்று இந்த வட்டாரமெங்கும் குன்றுகளை ஜல்லியாக்கிச் சென்னை தன்னைக் கட்டிக்கொண்டது. ஆறு பதினாறு மீட்டரில் நின்றுவிடும். வெடிமருந்துக்கு அந்த வரம்பு கிடையாது. குவாரிச் சுவரை உற்றுப் பார்த்தால், மேல்தரைக்கு இணையாகப் படுக்கைவாட்டில் பிளவுகள் ஓடுவது தெரியும். மேலே நெருக்கமாகவும் கீழே போகப் போக இடைவிட்டும் இருக்கும். 20 கி.மீ. பாரத்தை ஒரு காலத்தில் சுமந்த கல், பாரம் நீங்கியதும் மேல்நோக்கி விரிந்து வெடித்ததால் இத்தகைய பிளவுகள் உண்டாகின்றன. காணாமல்போன சுவர்களின் எடையை இன்றும் அந்தப் பிளவுகளில் பார்க்கலாம்.

பள்ளங்களில் நிற்கும் நீருக்கும் இதே காரணம். சார்னோக்கைட்டில் நுண்துளைகள் கிடையாது. விரிசல் வழியாக மட்டுமே நீர் போகும், வரும். விரிசல் குறைந்த ஆழத்தில் நீர் தேங்கினால் எளிதில் வற்றாது. 2017 வறட்சியில் ஏரிகள் காய்ந்தபோது, சிக்கராயபுரத்தின் இருபதுக்கு மேற்பட்ட குவாரிக் குட்டைகளிலிருந்து நீரை இறைத்து, செம்பரம்பாக்கம் நிலையத்தில் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 3 கோடி லிட்டர் அளவில் குடிநீர் வாரியம் நகரத்துக்கு அனுப்பியது. 2019லும் அந்தக் குட்டைகள் கைகொடுத்தன. குளிக்க மட்டும் இறங்கக்கூடாது. ஏரியைப்போல் கரையிலிருந்து படிப்படியாக ஆழம் கூடுவதில்லை; முதல் அடியிலேயே கால் எட்டாது, பிடித்து ஏற விளிம்பும் இருக்காது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் செய்தித்தாளில் இதற்கு ஒரு மூலை இருக்கிறது.

நன்மங்கலம் காப்புக்காட்டின் நடுவிலுள்ள பழைய குவாரிச் சுவரில் கொம்பன் ஆந்தைகள் குடியேறியிருக்கின்றன. பாறை இடுக்கில் கூடு கட்டும் பறவைக்கு வெடி வைத்து வெட்டிய சுவரும் இயற்கையாக நின்ற சுவரும் ஒன்றுதான். சுற்றிலும் 320 ஹெக்டேர் புதர்க்காடு. மழைக்குப்பின் தரையில் பூக்கும் ஆர்க்கிடுகளுக்குப் பெயர்போன இடம். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போகவேண்டும். பல்லாவரத்தில் ராணுவக் குடியிருப்புக்கும் திரிசூலத்தில் விமான நிலையத்துக்கும் உரிய பகுதிகளில் ஏற அனுமதி இல்லை. பரங்கிமலை எல்லோருக்கும் திறந்திருக்கிறது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை காலை வேளை நல்லது. மழை கழுவிய பாறையில் நீலச் சாயல் கொண்ட குவார்ட்ஸ் மணிகளை வெறுங்கண்ணாலேயே பிரித்தறியலாம். பழுப்புத் தோலைப் பார்த்து ஏமாறாமல், அண்மையில் உடைந்த ஒரு முகத்தைத் தேடவேண்டும். சுத்தியல் கொண்டுபோகக் கூடாது; கோயில், தர்கா, தேவாலயம் என்று எந்தக் குன்றிலும் எங்கேயாவது ஒரு கட்டட வேலை நடந்துகொண்டேதான் இருக்கும், அதன் ஓரத்தில் சில்லுகள் கிடக்கும்.